பெரிய கண் வரைந்த டாக்டர்

ஜப்பான் படக்கதை மன்னர் ஒசாமு தெசுகாவின் வாழ்க்கை

பெல்ஜியம் நாட்டுப் படக்கதைப் புத்தகம் ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். டின்டின் என்ற இளம் நிருபன் அதில் வருவான். அவன் முகத்தைப் பாருங்கள். உருண்டை முகம். கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கறுப்புப் புள்ளிகள். அவ்வளவுதான்!

இப்போது ஒரு ஜப்பான் படக்கதையை எடுங்கள். அதில் வரும் பையனுக்கு முகத்தில் கண்ணைத் தவிர வேறு ஒன்றும் இல்லையோ என்று தோன்றும். அத்தனை பெரிய கண். கண்ணுக்குள் கருவிழி. கருவிழிக்குள் ஒளி. மூக்கு ஒரு சின்னக் கோடு. வாய் இன்னொரு கோடு. அவன் அழுதால் அந்தக் கண்ணில் குளம் கட்டும்.

இரண்டும் படக்கதைதான். இரண்டையும் கோடிக்கணக்கானவர்கள் படித்திருக்கிறார்கள். ஆனால் பார்த்த உடனே, இது ஐரோப்பா, இது ஜப்பான் என்று சிறு குழந்தைகூடச் சொல்லிவிடும்.

ஜப்பான்காரர்கள் தங்கள் படக்கதையை மங்கா என்கிறார்கள். (நம் ஊர் மாங்காய்க்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை!) அந்த மங்காவின் முகத்தை மாற்றியவர் ஒருவர். அவர் டாக்டருக்குப் படித்தவர். ஆனால் மருந்துச் சீட்டு எழுத வேண்டிய கையால் படம் வரைந்தார். வாழ்நாளில் சுமார் 1½ லட்சம் பக்கங்கள் வரைந்தார்!

அவர் பெயர் ஒசாமு தெசுகா.

சுருட்டை முடிப் பையன்

தெசுகா பிறந்தது 1928-ம் ஆண்டு நவம்பர் 3-ந்தேதி. ஒசாகா நகருக்கு அருகே உள்ள தொயோனாக்கா அவர் பிறந்த ஊர். அன்று மறைந்த மெய்ஜி சக்கரவர்த்தியின் பிறந்த நாள் விழா. சக்கரவர்த்தியின் பெயரில் உள்ள ஓர் எழுத்தை எடுத்து, பிள்ளைக்கு ஒசாமு என்று பெயர் வைத்தார்கள்.

அவருக்கு 5 வயது ஆனபோது குடும்பம் தக்கராசுக்கா என்ற ஊருக்குக் குடிபோயிற்று. பையன் பள்ளிக்கூடம் போனான். அங்கே அவன் பட்ட பாடு கொஞ்சம் அல்ல. உடம்பு ஒல்லி. முடி சுருட்டை. கண்ணுக்குக் கண்ணாடி. மற்ற பையன்கள் சும்மா இருப்பார்களா? கேலிப்பெயர் வைத்தார்கள். பாட்டுப் பாடிக் கேலி செய்தார்கள். பல நாள் அழுதுகொண்டே வீடு திரும்புவான்.

அவனைக் காப்பாற்றியது பென்சில்.

வீட்டில் படக்கதைப் புத்தகங்கள் அலமாரி நிறைய இருந்தன. அந்தக் காலத்துப் பெற்றோர் பலர் இவற்றைக் கண்டாலே எரிந்து விழுவார்கள். தெசுகாவின் தாய் அப்படி அல்ல. பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படிப்பார். கிழவர் பேசினால் கிழவர் குரல். குழந்தை பேசினால் குழந்தைக் குரல். அழுகிற இடத்தில் அழுவார். பையன் அந்தப் படங்களைப் பார்த்துப் பார்த்து வரையத் தொடங்கினான். நோட்டுப் புத்தகங்கள் நிறைந்தன. கேலி செய்த பையன்களே அந்த நோட்டைக் கேட்டு வீட்டுக்கு வந்தார்கள். அதன் பிறகு அவனை யாரும் அடிக்கவில்லை.

தந்தைக்கு வேறு மோகம். அவர் கம்பெனி உத்தியோகஸ்தர். போட்டோ எடுப்பதிலும் சினிமாவிலும் ஆசை அதிகம். வீட்டிலேயே ஒரு சிறிய சினிமாப் படக்கருவி வைத்திருந்தார். வெள்ளைத் துணியைக் கட்டி, விளக்கை அணைத்து, படம் காட்டுவார். சார்லி சாப்ளின் வருவார். மிக்கி எலி வரும். வட்டத் தலை, வட்டக் காது, தலைக்குப் பெரிய கண். அந்த எலி பையன் மனதில் ஓடிப் புகுந்துகொண்டது.

மேடையில் கண்ட கண்கள்

தக்கராசுக்கா ஊருக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. அங்கே ஒரு நாடகக் குழு இருக்கிறது. முதல் ஆட்டம் 1914-ல் நடந்தது. அதில் நடிப்பவர்கள் எல்லோரும் பெண்கள். ராஜாவும் பெண்தான். வாள் வீசும் வீரனும் பெண்தான்.

தாய் தம் பிள்ளையை அந்த நாடகங்களுக்கு அழைத்துப்போவார். அக்கம்பக்கத்தில் குடியிருந்தவர்களில் சிலர் அந்த நடிகைகளே. கடைசி வரிசையில் இருப்பவருக்கும் முகம் தெரிய வேண்டும் அல்லவா? அதற்காகக் கண்ணைச் சுற்றி மை தீட்டி, இமையை நீட்டி, கண்ணை இரண்டு மடங்கு ஆக்கிக்கொள்வார்கள். மேடை விளக்கின் ஒளி அந்தக் கண்களில் பட்டு மின்னும்.

இந்த மின்னல் பல ஆண்டுகளுக்குப் பிறகு காகிதத்தில் வந்து இறங்கியது.

பையனுக்கு இன்னோர் ஆசை, பூச்சி பிடிப்பது. காடு மேடெல்லாம் சுற்றி வண்டுகளையும் வண்ணத்துப்பூச்சிகளையும் பிடித்து வந்து, ஒவ்வொன்றையும் வண்ணம் மாறாமல் வரைந்து வைப்பான். ஒசாமுஷி என்பது ஜப்பானில் ஒரு வண்டின் பெயர். தன் பெயரும் அந்த வண்டின் பெயரும் ஒத்திருப்பதைக் கண்டு துள்ளினான். தன் பெயரோடு பூச்சி என்ற எழுத்தையும் சேர்த்து எழுதலானான். கடைசி வரை அந்தப் பூச்சி அவரது புனைபெயரில் இருந்தது.

குண்டு மழை

யுத்தம் வந்தது. பள்ளி மாணவர்கள் புத்தகத்தை வைத்துவிட்டு ஆலைக்குப் போக வேண்டியதாயிற்று. தெசுகாவை ஒசாகாவில் உள்ள ராணுவத் தளவாடத் தொழிற்சாலைக்கு அனுப்பினார்கள். அங்கேயும் அவர் ஒளிந்து ஒளிந்து வரைந்தார். வரைந்ததைக் கழிவறைச் சுவரில் ஒட்டுவார். போகிறவர்கள் வருகிறவர்கள் படித்துச் சிரிப்பார்கள்.

அந்த நாட்களில் இரண்டு கைகளிலும் தோல் நோய் வந்து வீங்கிப் போயிற்று. கையையே எடுக்க நேருமோ என்ற நிலை. ஒசாகா பல்கலைக்கழக டாக்டர் ஒருவர் குணப்படுத்தினார். கை பிழைத்தது. தாமும் டாக்டராக வேண்டும் என்ற எண்ணம் அப்போது பிறந்தது.

1945 ஏப்ரல். ஒசாகா நகரில் பல இடங்கள் கரியாகிக் கிடந்தன. மிச்சம் நின்ற ஒரு தியேட்டரில் ஒரு பொம்மைப்படம் ஓடியது. ஜப்பான் கடற்படை எடுக்கச் சொன்ன பிரசாரப் படம் அது. குளிரில் நடுங்கியபடி உட்கார்ந்து பார்த்த தெசுகா கண்ணீர் விட்டார். பிரசாரத்துக்காக அல்ல. அசையும் படத்தின் அழகுக்காக. வாழ்நாளில் ஒரு பொம்மைப்படமாவது எடுத்துவிட்டுத்தான் சாவது என்று முடிவு செய்தார். அப்போது அவருக்கு வயது 16.

ஜூன் மாதம் சாவு நேரிலேயே வந்துவிட்டது. தொழிற்சாலைக் காவல் கோபுரத்தின் உச்சியில் நின்று, விமானம் வருகிறதா என்று பார்க்கும் வேலை அவருக்கு. விமானங்கள் வந்தன. தீக்குண்டுகள் மழையாய் விழுந்தன. கோபுரத்தை ஒட்டிக் கீழே இருந்தவர்கள் மாண்டார்கள். அவர் எப்படியோ தப்பி இறங்கி, யோதோ ஆற்றங்கரைக்கு ஓடினார். அங்கே கண்ட காட்சியை அவர் ஒருநாளும் மறக்கவில்லை. கருகிய பிணங்கள். மனிதரும் மாடும் ஒன்றாகக் கிடந்தார்கள். அதன் பிறகு அவர் அந்தத் தொழிற்சாலைக்குத் திரும்பவே இல்லை.

ஆகஸ்டு 15-ந்தேதி யுத்தம் முடிந்தது. அன்று மாலை ஒசாகா நகரில் விளக்குகள் எரிந்தன. பல ஆண்டுகளாக இருட்டடிப்பில் கிடந்த ஊர். அந்த வெளிச்சத்தைப் பார்த்தபோதுதான் தாம் உயிரோடு இருப்பதே அவருக்கு உறைத்தது. இனிமேல் யாரும் தடுக்க முடியாது, வரையலாம்!

தாயின் கேள்வி

தெசுகா ஒசாகாவில் மருத்துவம் படித்தார். படித்துக்கொண்டே வரைந்தார். 1946 ஜனவரி 4-ந்தேதி அவருடைய முதல் படக்கதை, சிறுவர் பத்திரிகை ஒன்றில் வரத் தொடங்கியது. நான்கே கட்டங்கள் கொண்ட குட்டிக் கதை.

அடுத்த ஆண்டு, 1947 ஜனவரியில், புதிய புதையல் தீவு என்ற புத்தகம் வெளிவந்தது. கதையின் அமைப்பைச் சொன்னவர் சக்காய் ஷிச்சிமா என்ற மூத்த ஓவியர். படம் தெசுகா. மட்டமான காகிதம். சிவப்பு மை பூசிய அட்டை. ஒசாகாவில் அப்போது இத்தகைய மலிவுப் புத்தகங்கள் தெருத்தெருவாக விற்றன. பசியில் வாடிய ஊரில் குழந்தைகள் காசு சேர்த்து வாங்கினார்கள். 4 லட்சம் பிரதிகள் விற்றதாகச் சொல்வார்கள்.

அந்தப் புத்தகத்தில் அப்படி என்ன புதுமை?

முதல் பக்கங்களில் ஒரு பையன் துறைமுகத்துக்குக் கார் ஓட்டிக்கொண்டு போகிறான். அதுவரை படக்கதை என்றால் நாடக மேடை மாதிரி. ஆட்கள் தலை முதல் கால் வரை தெரிய நிற்பார்கள்; பேசுவார்கள்; போவார்கள். தெசுகாவோ சினிமாக் காமிரா மாதிரி வரைந்தார். கார் தூரத்தில் தெரியும். பிறகு பக்கத்தில் வரும். பிறகு பையனின் முகம் மட்டும். கார் ஓடுவது போலவே பிரமை. அந்தப் புத்தகத்தைப் படித்த பல சிறுவர்கள் தாங்களும் படக்கதை வரைவதே வேலை என்று கிளம்பிவிட்டார்கள். பின்னாளில் புகழ்பெற்ற ஓவியர்கள் பலர் அந்தச் சிறுவர்கள்தான்.

ஆனால் மருத்துவக் கல்லூரியில் வேறு கதை. வகுப்பில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்த மாணவரை ஒரு பேராசிரியர் கூப்பிட்டார். இப்படியே போனால் நீ நோயாளியைக் கொன்றுவிடுவாய், படக்கதைக்கே போய்விடு என்று புத்தி சொல்லி அனுப்பினார்.

தெசுகாவுக்குக் குழப்பம். டாக்டர் தொழில் என்றால் மதிப்பு உண்டு. சாப்பாட்டுக்குக் கவலை இல்லை. படக்கதை வரைபவனை அந்தக் காலத்தில் யார் மதித்தார்கள்? தாயிடம் போய்க் கேட்டார். தாய் திருப்பி ஒரே ஒரு கேள்வி கேட்டார். இரண்டில் உனக்கு எது பிடிக்கிறது என்றார். படக்கதை என்றார் மகன். அப்படியானால் அதையே செய் என்று சொல்லிவிட்டார் தாய்.

இந்தக் காலத்துத் தாய்மாரில்கூட எத்தனை பேர் இப்படிச் சொல்வார்கள்?

ஆனாலும் தெசுகா படிப்பை விடவில்லை. 1951-ல் முடித்தார். டாக்டர் உரிமமும் பெற்றார். 1961-ல், குளத்து நத்தையின் உயிரணுவைப் பற்றி ஆராய்ச்சி செய்து, நாரா மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பட்டமும் வாங்கினார். ஒரு நாளும் மருத்துவமனை வைத்து வைத்தியம் பார்க்கவில்லை.

புள்ளியும் குளமும்

இங்கே கொஞ்சம் ஐரோப்பாவுக்குப் போய் வரலாம்.

டின்டினை வரைந்தவர் எர்ஜே. பெல்ஜியத்தில் 1907-ல் பிறந்தவர். 1929 ஜனவரியில் டின்டின் கதை தொடங்கியது. எர்ஜேயின் கோடு ஒரே அளவுக் கோடு. முகமானாலும் மேஜையானாலும் கப்பலானாலும் ஒரே கனம். நிழல் தீட்டமாட்டார். கோடு கோடாகக் கிறுக்கமாட்டார். பொட்டலம் கட்டியது போல் சுத்தமாக இருக்கும்.

கார் வரைய வேண்டுமா? உண்மையான காரைப் பார்த்து, அதன் சக்கரம், கதவு, கைப்பிடி எல்லாம் சரியாக வரைவார். வீடும் தெருவும் அப்படியே. ஆனால் டின்டினின் முகம் மட்டும் வெறும் முகம். பார்க்கிற பையன் எவனும் அந்த முகத்தில் தன்னையே வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். உணர்ச்சி வேண்டுமென்றால் உடம்பு காட்டும். ஓடும், துள்ளும், தலையிலிருந்து வேர்வைத் துளி தெறிக்கும்.

இதிலே ஒரு வேடிக்கை. 1934-ல் எர்ஜே சீனாவைப் பற்றிக் கதை எழுத முனைந்தார். பெல்ஜியத்தில் படித்துக்கொண்டிருந்த சாங் சோங்ரென் என்ற சீன மாணவர் அவருக்கு நண்பரானார். சீன எழுத்தையும் தூரிகை பிடிக்கும் முறையையும் சொல்லிக் கொடுத்தார். அதன் பிறகு எர்ஜேயின் கோடு இன்னும் தெளிந்தது. ஆக, ஐரோப்பியர் கிழக்கே பார்த்துக் கோடு கற்றார். ஜப்பானியரான தெசுகா மேற்கே பார்த்து, அமெரிக்கப் பொம்மைப்படங்களிலிருந்து கண் கற்றார்!

பிரான்சில் 1959-ல் தொடங்கிய ஆஸ்டெரிக்ஸ் கதையைப் பார்த்தவர்களுக்கு வேறு ஒன்று தெரியும். அங்கே கண்ணைவிட மூக்கு பெரிது. கத்தரிக்காய் மாதிரி மூக்கு. சிரிப்புக் கதை என்றால் ஐரோப்பாவில் மூக்கில்தான் கை வைப்பார்கள். தெசுகாவும் பெரிய மூக்கு வரைந்தது உண்டு. ஆனால் கிழவருக்கும் விஞ்ஞானிக்கும்தான் அந்த மூக்கு. கதாநாயகனுக்குத் தரமாட்டார்.

ஏன் இந்த வித்தியாசம்? ஓவியரின் ஆசை மட்டும் காரணம் அல்ல. காகிதமும் காசும் காரணம்.

ஐரோப்பாவில் டின்டின் வாரப் பத்திரிகையில் வாரத்துக்கு இரண்டு பக்கம் வரும். பிறகு 62 பக்கத்தில் கெட்டி அட்டை போட்ட வண்ணப் புத்தகமாகும். வாங்கியவர்கள் பத்திரமாக வைத்து, மறுபடியும் மறுபடியும் படிப்பார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் நின்று பார்க்க எத்தனையோ விஷயம் இருக்கும்.

ஜப்பானில் மலிவுக் காகிதம். பெரும்பாலும் கறுப்பு மை ஒன்றுதான். பின்னாளில் வாரப் பத்திரிகை வந்தபோது ஒரு கதைக்கு ஒரு வாரத்தில் 20 பக்கம் வரைய வேண்டும். படிப்பவன் ரெயிலில் போகும்போது மளமளவென்று புரட்டுவான். ஒரு கட்டத்தில் நிற்க மாட்டான். சிவந்த முகம் என்று காட்ட வண்ணம் இல்லை. அந்த ஒரு விநாடிக்குள் அவனைச் சிரிக்க வைக்க வேண்டும். அழ வைக்க வேண்டும். அதற்குக் கண்ணைவிட வேறு எது உண்டு?

தெசுகாவுக்கு டிஸ்னி படங்கள் என்றால் உயிர். யுத்தத்துக்குப் பின் அவை ஜப்பானுக்கு வந்தன. பாம்பி என்ற மான்குட்டிப் படத்தை அவர் 80 தடவைக்கு மேல் பார்த்ததாகச் சொல்வார். காலையில் தியேட்டருக்குள் போனால் கடைசி ஆட்டம் முடிந்துதான் வெளியே வருவார். அந்த மான்குட்டியின் கண்ணை அவர் எண்ணி எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

இளவரசியும் இரும்புப் பையனும்

1953-ல் பெண் குழந்தைகளுக்கான ஒரு பத்திரிகையில் தெசுகா ஓர் இளவரசிக் கதை தொடங்கினார். அந்த இளவரசிக்குப் பிறக்கும்போதே இரண்டு இதயம்: ஆண் இதயம் ஒன்று, பெண் இதயம் ஒன்று. ராஜ்யத்தைக் காக்க அவள் ஆண் வேடம் பூண்டு வாள் வீசுகிறாள். தக்கராசுக்கா மேடையேதான்! அவள் கண்களில் மேடை விளக்கின் ஒளிப்பொட்டு மின்னியது. பின்னால் வந்த ஓவியர்கள் அந்தப் பொட்டை நட்சத்திரமாக்கினார்கள். கண்கள் இன்னும் வளர்ந்தன.

பெரிய கண் முழுவதும் தெசுகாவின் கண்டுபிடிப்பு என்று சொல்வது சரியல்ல. யுத்தத்துக்கு முன்பே நக்காஹாரா ஜுனிச்சி என்பவர் பெண்கள் பத்திரிகையில் பெரிய கண் அழகிகளை வரைந்தார். ஆனால் அவை நின்று பார்க்கும் படங்கள். தெசுகா அந்தக் கண்ணைக் கதைக்குள் ஓட விட்டார்.

வெள்ளைக்காரர் மாதிரி இருக்க ஆசைப்பட்டு ஜப்பான்காரர் பெரிய கண் வரைகிறார்கள் என்று சிலர் சொல்வதுண்டு. அது தவறு. டின்டினும் வெள்ளைக்காரன்தானே? அவனுக்கு ஏன் புள்ளிக் கண்?

தெசுகாவின் புகழை உச்சிக்குக் கொண்டு போனது அட்டம் என்ற இயந்திரப் பையன். 1952-ல் அவன் பெயரிலேயே தொடர் ஆரம்பமாயிற்று. 1968 வரை வந்தது.

கதை இதுதான். ஒரு விஞ்ஞானியின் மகன் கார் விபத்தில் இறந்துபோகிறான். துக்கம் தாங்காத தந்தை மகனைப் போலவே ஓர் இயந்திரம் செய்கிறார். இயந்திரம் நடக்கிறது, பேசுகிறது, சிரிக்கிறது. ஆனால் வளரவில்லை! இயந்திரம் எப்படி வளரும்? வெறுத்துப்போன தந்தை அவனை சர்க்கசுக்கு விற்றுவிடுகிறார். பெரிய மூக்கு உள்ள இன்னொரு விஞ்ஞானி அவனை மீட்டு வளர்க்கிறார். ஒரு லட்சம் குதிரை சக்தி உள்ள அந்தப் பையன் மனிதருக்கும் இயந்திரத்துக்கும் நடுவே நின்று தவிக்கிறான்.

அட்டத்தின் தலையில் இரண்டு கூரான முடிக்கொம்புகள். எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் இரண்டும் தெரியும். மிக்கி எலியின் காதும் அப்படித்தான். குளித்துவிட்டு வந்தால் தெசுகாவின் சொந்த முடியும் அப்படி நிற்குமாம். பள்ளியில் கேலிக்கு ஆளான அதே முடி!

தியேட்டரில் அழுதபடி செய்த முடிவையும் அவர் மறக்கவில்லை. 1961-ல் பொம்மைப்படக் கம்பெனி தொடங்கினார். 1963 ஜனவரி 1-ந்தேதி அட்டம் டெலிவிஷனில் வந்தான். வாரம் ஒரு படம். ஒவ்வொன்றும் அரை மணி நேரம். அமெரிக்காவும் அதை வாங்கியது.

வாரம் ஒரு படம் எடுப்பது விளையாட்டா? டிஸ்னியைப் போல எல்லாவற்றையும் அசைக்க ஆளும் இல்லை, பணமும் இல்லை. வாய் மட்டும் அசையும். கை மட்டும் அசையும். வரைந்த படத்தையே மறுபடியும் மறுபடியும் எடுத்துச் சேர்ப்பார்கள். உடம்பு அசையாதபோது கண்தான் நடித்தது. காகிதத்தில் பிறந்த வித்தை இங்கேயும் கைகொடுத்தது.

1964-ல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் வால்ட் டிஸ்னியைச் சந்தித்தார் தெசுகா. சில நிமிஷப் பேச்சுத்தான். ஆனாலும் அந்த நிமிஷங்களை அவர் பொக்கிஷமாக நினைத்தார்.

சரிவு

படத்தை டெலிவிஷனுக்கு அடக்க விலைக்கும் குறைத்து விற்றார் தெசுகா. நஷ்டத்தைத் தாம் வரைந்து சம்பாதித்த பணத்தால் ஈடு கட்டினார். அவர் தாங்கினார், அந்த விலையே வழக்கமாகிவிட்டதால் பின்னால் வந்தவர்கள் தவித்தார்கள். இதற்காக அவரைக் குறை சொல்பவர்கள் ஜப்பானில் உண்டு. குறையில் நியாயமும் உண்டு.

இன்னொரு பக்கம் புதிய ஓவியர்கள் கிளம்பினார்கள். உருண்டை முகம், பெரிய கண் எல்லாம் குழந்தைகளுக்கு; நாங்கள் பெரியவர்களுக்கு வரைகிறோம் என்றார்கள். அவர்கள் படத்தில் கண் சிறியது. முகத்தில் வியர்வை, வடு, நிழல். வாலிபர்கள் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். தெசுகாவுக்கு உள்ளம் எரிந்தது.

அவர் பொறாமைக்காரர். அதை மறைக்கவும் தெரியாது. இளம் ஓவியர் இஷிநோமோரி ஒரு புதுமையான படக்கதை வரைந்தார். வார்த்தை குறைவு, படமே பேசும். அது படக்கதையே அல்ல என்று தெசுகா ஒரு வாசகருக்குக் கடிதம் எழுதிவிட்டார். கடிதம் இஷிநோமோரிக்கு எட்டியது. மனம் நொந்த அவர் அந்தத் தொடரையே நிறுத்துவதாகச் சொல்லிவிட்டார். பிறகு தெசுகாவே அவர் வீட்டு வாசலுக்குப் போனார். ஏன் அப்படி எழுதினேன் என்று எனக்கே வெட்கமாக இருக்கிறது என்று சொல்லி மன்னிப்புக் கேட்டார். நாடே குரு என்று கொண்டாடியவர், மாணவர் மாதிரி இருந்த ஒருவர் முன் தலைகுனிந்து நின்றார்.

1973-ல் பொம்மைப்படக் கம்பெனி திவாலாயிற்று. கடன்காரர்கள் சூழ்ந்தார்கள். தெசுகாவின் காலம் முடிந்தது என்று பத்திரிகை உலகில் பேசிக்கொண்டார்கள். அந்த ஆண்டு நவம்பரில் ஒரு வாரப் பத்திரிகை அவருக்குச் சில பக்கங்கள் கொடுத்தது. பழைய மனிதர், மரியாதையாக வழி அனுப்பி வைப்போம் என்ற எண்ணம்தான்.

அந்தப் பக்கங்களில் வந்தவன் பிளாக் ஜாக். உரிமம் இல்லாத அறுவைச் சிகிச்சை டாக்டர். பாதி முடி வெள்ளை. முகத்தில் தையல் வடு. தலைமுடி ஒரு கண்ணை மறைத்திருக்கும். மற்ற கண் கூர்மையானது. குழந்தைக் கண் அல்ல. எதிரிகள் என்று நினைத்த புதிய ஓவியர்களின் நிழலையும் வடுவையும் தெசுகா தமதாக்கிக்கொண்டார். ஆனால் நோயாளிக் குழந்தைகளுக்குப் பழைய உருண்டைக் கண்களையே வைத்தார். எந்த நரம்பு எங்கே ஓடுகிறது என்பது அவருக்குத் தெரியுமே! கல்லூரியில் படித்தது அத்தனையும் இங்கே வந்து விழுந்தது. வழி அனுப்ப வந்த கதை பத்து ஆண்டு ஓடியது.

அந்த ஆண்டுகளில் அவர் வரைந்த இன்னொன்று நம் நாட்டுக் கதை. புத்தர் வாழ்க்கை. 1972 முதல் 1983 வரை வரைந்தார். 14 பாகங்கள். கபிலவஸ்துவின் அரண்மனையும் காடும் மலையும் அதில் வருகின்றன. புத்தரோடு, தாழ்ந்த சாதியில் பிறந்த சிறுவர்களையும் தம் கற்பனையால் சேர்த்தார். மலையும் மரமும் எர்ஜே வரைந்ததைப் போல நுணுக்கமாக இருக்கும். அவற்றின் நடுவே ஓடும் பிள்ளைகளுக்கோ அதே மிக்கி எலிக் கண்.

பென்சில் கோடு

வயது ஏறியும் அவர் வேகம் குறையவில்லை. தலையில் வட்டத் தொப்பி, கண்ணில் தடித்த கண்ணாடி, கையில் பேனா. தூக்கம் சில மணி நேரம். ஒரே சமயத்தில் பல பத்திரிகைகளுக்கு வரைவார். பத்திரிகை ஆசிரியர்கள் அவர் வீட்டிலேயே காத்துக் கிடப்பார்கள். முதலில் யாருக்கு என்று அவர்களுக்குள் சண்டை வரும். தெசுகா பின் வாசல் வழியாகத் தப்பி ஓடிய கதைகள் பல உண்டு.

வயிற்றில் புற்றுநோய் வந்தது. அந்தக் காலத்து ஜப்பான் வழக்கப்படி அதை அவரிடம் சொல்லவில்லை. டாக்டரான அவர் தெரிந்துகொண்டாரோ என்னவோ, வெளியே காட்டிக்கொள்ளவில்லை. மருத்துவமனைக் கட்டிலிலும் வரைந்தார். பேனாவைப் பிடிக்கச் சக்தி இல்லாதபோது பென்சிலால் வரைந்தார். பென்சிலை வாங்கி வைத்தால், எழுந்து உட்கார்ந்து, வேலை செய்ய விடுங்கள் என்று கெஞ்சினார்.

1989 பிப்ரவரி 9-ந்தேதி தோக்கியோவில் காலமானார்.

பத்திரிகைகள் அவருக்கு வயது 62 என்று எழுதின. பிறகுதான் உண்மை தெரிந்தது. 60 தான் ஆகியிருந்தது. வாலிப வயதில் படம் வரைய வந்தபோது, சின்னப் பையன் என்று தள்ளிவிடப் போகிறார்களே என்று இரண்டு வயது கூட்டிச் சொல்லியிருந்தார். அதை 40 ஆண்டுக்கு மேல் திருத்தவே இல்லை!

அவர் விட்டுப்போன கதைகள் மூன்று பாதியில் நின்றன. அவற்றில் ஒன்று, சாத்தானுக்கு ஆத்மாவை விற்ற மனிதனின் கதை. அதன் கடைசிப் பக்கங்களில் மை இல்லை. வெறும் பென்சில் கோடுகள். முகத்துக்கு ஒரு வட்டம். அதற்குள் கண்ணுக்கு இடம்.